மறியல் வாசலில் ஒரு வாய்ச் சோறு

சாம்பல்தீவு ஆனந்தராசா எதையெதை வென்றான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், மறியல் சிறைக்குப் போய்வந்தவன் என்ற ஒரே பெயரில் ஊர் அவனை மடித்து வைத்துவிடும்.

குழந்தையில் நெருப்புக் காய்ச்சல் வந்து, மருந்து கொடுத்தவரே கையை விரித்த பிறகும் பிழைத்தான். தொண்ணூறாம் ஆண்டு ஊர் வெறிச்சோடியபோது, பத்து வயதில், காட்டுப் பாதையில் தன் மூட்டையோடு அக்காவின் மூட்டையையும் சுமந்து நடந்தான். சுனாமி வந்த காலையில் அக்கா குணேஸ்வரியின் தலைமயிரை ஒரு கையில் சுற்றிப் பிடித்து, மறு கையால் தென்னையைக் கட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் வடிந்தபோது இரண்டு பேரும் மிச்சம். செய்யாத குற்றத்துக்காக மறியலில் கிடந்து, சொறி, வயிற்றோட்டம், நெஞ்சுச் சளி எல்லாவற்றையும் தாண்டி, குற்றமில்லை என்ற தீர்ப்போடு வெளியே வந்தான். அதே மறியலின் வாசலுக்கு எதிரே கடை போட்டான். அக்காவின் வீட்டுக் கிடுகை இறக்கிவிட்டு ஓடு போட்டான். தன்னை உள்ளே தள்ளிய மனிதன் அதே கதவுக்குள் போவதை, ஒரு கல் எறியாமல், ஒரு தூஷணம் பேசாமல், கடை வாசலில் நின்று பார்த்தான். கடைசியாக, நாற்பத்து மூன்று வயதில், தன் பெயரை வென்றான்.

பள்ளிக்கூடம் அவனுக்கு வாய்க்கவில்லை. அவன் அரிச்சுவடி தொடங்க வேண்டிய வருடங்களில் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கொட்டிலில் வகுப்பு வைத்தபோது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு பாயில் குந்தியிருக்க மாட்டேன் என்று கடலுக்குப் போய்விட்டான். எட்டாம் வகுப்புப் படித்த அக்கா அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். அக்கா பக்கத்தில் இல்லாத நேரங்களில் அவன் பெருவிரலை நீட்டினான்.

அந்தப் பெருவிரலைக் கண்டு வைத்தவன் புவனேந்திரன் முதலாளி. நாலைந்து வள்ளம், ஐஸ் அறை, கோயில் நிர்வாகத்தில் முன் வரிசைக் கதிரை. கந்தசஷ்டி வந்தால் முதல் ஆளாகக் காப்புக் கட்டி, ஆறு நாளும் வெறும் மேலோடு கோயில் வீதியில் நடமாடுவான். அவனிடம் ஆனந்தராசா பத்து வருடத்துக்கு மேல் கடல் தொழில் செய்தான். ஒருநாள் முதலாளி அவனைக் கூப்பிட்டான்.

"டேய் ஆனந்தா, உனக்கு ஒரு வள்ளம் எழுதப் போறன். என்ன முழுசிறாய்?"

"எனக்கோ முதலாளி?"

"வேற ஆருக்கு? உன்ர பேரில பதிவு. ஓட்டு, உழை, பிடிக்கிறதில என்ர பங்கைத் தா. இப்ப விரலை நீட்டு."

விரலில் அப்பிய மையைக் கழுவாமலே ஆனந்தராசா வீட்டுக்கு ஓடினான். அக்கா பொங்கிப் படைத்தாள். படைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தத் தாளில என்னடா எழுதியிருந்தது?"

"வள்ளம் எண்டு எழுதியிருக்கும் அக்கா. வேற என்ன எழுதுவினம்?"

உண்மையில் வள்ளம் என்றுதான் எழுதியிருந்தது. பொய் அந்தத் தாளில் இல்லை. ஐஸ் பெட்டிக்கு அடியில் இருந்தது. மீன் கூட்டத்துக்குள் எறிகிற, சட்டம் தடுத்த வெடியை முதலாளி அந்த வள்ளத்தில்தான் அனுப்பினான். ஆனந்தராசா பல்வலியில் கன்னம் வீங்கி வீட்டில் படுத்திருந்த ஒரு நாளில், கடற்படைக்காரர் வள்ளத்தைக் கடலில் மறித்துப் பெட்டியைக் கிளறினார்கள். "வள்ளம் ஆற்ற பேரில?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. வீங்கிய கன்னத்தோடு அவனைப் பொலிசுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வந்து புவனேந்திரன் தன் தலையில் கையை வைத்தான்.

"உவன் ஏன் உப்பிடிச் செய்தவன் எண்டு எனக்கு விளங்கேல்ல ஐயா. பாவம் எண்டு ஒரு வள்ளம் எடுத்துக் குடுத்தனான். என்ர தலையில மண் அள்ளிப் போட்டிட்டான்."

இப்படித்தான் ஆனந்தராசா மறியலுக்குப் போனான்.

அந்த மறியலின் வரலாறு மதிலிலேயே தெரியும். அடியில் கடலில் வெட்டிய முருகைக் கல்லும் சுண்ணாம்பும். அது வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கயிறும் எண்ணெய்ப் பீப்பாயும் அடுக்குவதற்குக் கட்டிய களஞ்சியம் என்று துறைமுகத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள். பீப்பாய்க்கு யன்னல் எதற்கு? அதனால் யன்னல் வைக்கவில்லை. கூரைக்குக் கீழே கை நுழைகிற அளவில் சில ஓட்டைகள் மட்டும். பிறகு எப்போதோ கதவுக்குக் கம்பி போட்டு மறியல் என்று பெயர் வைத்தார்கள். முருகைக் கல்லுக்கு மேலே செங்கல் வரிசை. யாரோ ஏறிக் குதித்து ஓடிய பிறகு உயர்த்தியது. அதற்கு மேலே சீமெந்துக் கல். லொறி லொறியாக இளந்தாரிகளைக் கொண்டுவந்து இறக்கிய சண்டைக் காலத்தில் உயர்த்தியது. உச்சியில் முள்ளுக்கம்பி. ஒவ்வொரு காலமும் வந்து மதிலை உயரமாக்கிவிட்டுப் போனது. உள்ளே இருக்கிற இடத்தை எந்தக் காலமும் அகலமாக்கவில்லை.

பீப்பாயை அடுக்கிய மாதிரியே மனிதரையும் அடுக்கியிருந்தார்கள். மல்லாந்து படுக்க இடமில்லை. எல்லோரும் ஒரே பக்கமாகச் சரிந்து, ஒருவன் முழங்காலுக்குள் இன்னொருவன் முழங்கால். ஒருவன் தனியாகப் புரள ஏலாது. வரிசைக்கு ஒருவன் "மற்றப் பக்கம்!" என்று சத்தம் கொடுப்பான்; முழு வரிசையும் முனகிக்கொண்டு திரும்பும். புதிதாக வந்தவனுக்கு மூத்திர வாளிக்குப் பக்கத்தில் இடம். காலையில் தொட்டியடியில் ஆளுக்குச் சில கோப்பைத் தண்ணீர். சவர்க்காரம் போட்டவன் அதைக் கழுவ முடியாமல் அடுத்தவனைக் கெஞ்சுவான். கல்லுச் சோறு, பூசணிக்காய் கரைந்த தண்ணீர், மூட்டைப் பூச்சி. வழக்கு எப்போது கூப்பிடும் என்று தெரியாமலே வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள்தான் அங்கே அதிகம்.

ஆனந்தராசாவுக்கு அங்கே கிடைத்த ஒரே நல்லது கிண்ணியா ஸெய்னுதீன். அனுமதி இல்லாமல் மண் ஏற்றிய லொறியோடு பிடிபட்டவர். காற்று ஓட்டைக்குக் கீழே இருந்த தன் இடத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

"வாங்க தம்பி, இதில சரிங்க. கப்பல் கயிறு படுத்த இடம். என்டைக்காவது எங்களையும் கப்பலில ஏத்துவானுகள்."

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நீளக் கொட்டகை. கைக்கெட்டாத இடைவெளி விட்டு இரண்டு கம்பி வலை. ஒரு வலைக்கு அந்தப் பக்கம் உள்ளே இருப்பவர்கள், மற்ற வலைக்கு இந்தப் பக்கம் வெளியே இருந்து வருகிறவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கொட்டகை முடிவில் ஒரு மேசை. கொண்டுவந்த சாப்பாட்டை அங்கே பிரித்து, காவலருக்கு முன்னால் கொண்டுவந்த ஆளே ஒரு வாய் தின்ன வேண்டும். பழைய காலத்தில் யாரோ யாருக்கோ நஞ்சு வைத்துவிட்டதாகச் சொல்லி வந்த சட்டம். தின்ற பிறகுதான் சிறு யன்னல் வழியாகப் பொதி உள்ளே போகும். தின்னாவிட்டால் வந்த வழியே வீட்டுக்குத்தான்.

அக்கா சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறி வருவாள். காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, வலைக்கு அந்தப் பக்கம் தம்பி பார்த்துக்கொண்டு நிற்க, வாயை அசைத்து மெல்லுவது அவளுக்குப் பெரிய வெட்கக்கேடு. இருந்தாலும் மென்றாள்.

அந்த வருடம் கந்தசஷ்டி வந்தது. தம்பி வெளியே வர வேண்டும் என்று ஆறு நாளும் சோறு தொடுவதில்லை, பொழுது பட்ட பிறகு பாலும் பழமும் மட்டும் என்று அக்கா நேர்ந்து காப்புக் கட்டினாள். கட்டிய பிறகுதான் மறியல் மேசை நினைவுக்கு வந்தது. கோயில் வீதியில் புவனேந்திரனைக் கண்டு, ஒதுங்கி நின்று கேட்டாள்.

"முதலாளி, உங்கட ஆளில ஒருத்தரை அனுப்பினால் காணும். சமைச்சு நான் கொண்டுவருவன். ஒரு வாய் ருசி பார்த்துக் குடுத்திட்டு வரட்டும். விரதம் முடியுமட்டும்தான்."

புவனேந்திரன் தன் கையில் கிடந்த காப்பு தெரியக் கையை உயர்த்தினான். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னான்.

"ஒரு வாய் சோறு திண்டால் முருகன் கோவிக்க மாட்டார் குணேஸ். தம்பியின்ர பாவத்தைத்தான் என்ர தலையில கட்டினனீங்கள். உன்ர விரதத்தையும் கட்டப் பாக்கிறியோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்து வந்துவிட்டாள்.

முதல் நாள் பொதியைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் திருப்பினார்கள். ஆனந்தராசாவுக்கு அப்போது வயிற்றோட்டம். மறியல் சோறு உள்ளே நிற்பதில்லை. மூன்றாம் நாள் அவனால் காலூன்ற முடியவில்லை. ஸெய்னுதீன் கக்கத்தில் கை கொடுத்து வலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய், பொதியைப் பிரித்து, கையில் காப்போடு ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டாள். அவள் அழவில்லை. காவலர் தலையாட்டும்வரை மென்றாள்.

அதை ஆனந்தராசா முழுவதும் பார்த்தான். பொதி கைக்கு வந்த பிறகும் பிரிக்காமல் நின்றான்.

"அக்கா, இந்த ஒரு வாய்க்கு நான் அவனை விடமாட்டன்."

"அதைப் பிறகு பாப்பம். நீ முதல் சாப்பிடு."

அடுத்த வருடக் கடைசியில் வழக்கு உடைந்தது. பிடிபட்ட அன்றைக்கு வள்ளத்தில் போன இருவரில் ஒருவன் மனம் பொறுக்காமல், வெடியை ஏற்றச் சொன்னது யார் என்று சொல்லிவிட்டான். புவனேந்திரன் பெரிய வழக்கறிஞர்களை வைத்துத் தப்பினான். ஆனந்தராசா உண்மையால் தப்பினான். வெளியே விடும்போது அவனுடைய கைக்கடிகாரத்தையும் இடுப்புப் பட்டியையும் எடுத்து வைத்து, பெற்றுக்கொண்டதற்கு விரல் வைக்கச் சொன்னார்கள். மை பூசிய பலகையை அவன் பார்த்தான்.

"அது உங்களிட்டயே கிடக்கட்டும்."

அரைக் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி வீதிக்கு வந்தான். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் அவன் பெருவிரலை நீட்டவில்லை. கடை எடுத்தது அக்காவின் பெயரில். கரண்ட் அக்காவின் பெயரில். கையெழுத்துக் கேட்கிற இடங்களுக்கு அவன் போகவே மாட்டான்.

கடை, மறியல் வாசலுக்கு எதிரே. ஸெய்னுதீனின் மனைவி அசனா அதில் பாதிப் பங்கு. அவளும் அந்த மேசையில் மென்றவள்தான். உள்ளே போகக்கூடிய விதமாகச் சாமான் கட்டிக் கொடுப்பதுதான் அவர்களுடைய வியாபாரம். சவர்க்காரத்தை இரண்டாக வெட்டி வைப்பார்கள். அவித்த முட்டையைப் பிளந்து வைப்பார்கள். மீனை முள்ளெடுத்து, ஊடாகப் பார்க்கக்கூடிய பையில் போடுவார்கள். முதல் தடவை வந்து கண் கலங்கி நிற்கிற தாய்மாருக்கு ஆனந்தராசா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பான். பொதியைக் கையில் கொடுக்கும்போது கடைசியாக ஒன்று சொல்வான்: "அம்மா, முதல் நீங்கள் ஒரு வாய் தின்ன வேணும். மறந்திராதேங்கோ." நாளுக்கு எத்தனை பேருக்கு இதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

கடை பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஓய்வெடுக்கவில்லை. சாம்பல்தீவுக் கரைக்குப் போவான். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு நடுவே குந்துவான். ஒரு தேத்தண்ணீர் குடிப்பான். பிறகு பெருவிரலை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டுவான்.

"புவனேந்திரன் முதலாளி வள்ளம் எழுதித் தாறன் எண்டு வருவார். விரலைக் காட்டாதேங்கோ. கையெழுத்துத் தெரிஞ்சால் கையெழுத்தையும் காட்டாதேங்கோ. நான் மறியலில வாளிக்குப் பக்கத்தில படுத்தவன், சொல்லுறன்."

"விரல் அண்ணை வந்திட்டார்டா, எல்லாரும் விரலைக் கக்கத்துக்குள்ள வையுங்கோ!" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். பகிடி பண்ணியவன் ஒருவனும் அதன் பிறகு விரல் கொடுக்கவில்லை. நிலாவெளிப் பக்கம் போனான். கும்புறுப்பிட்டிப் பக்கம் போனான். முதலாளி ஆள் தேடிப் போகிற இடமெல்லாம் அவன் விரல் முந்திக்கொண்டு போயிருந்தது. ஒருமுறை கரையில் நேருக்கு நேர் வந்தபோது புவனேந்திரன் வாயைக் கோணினான்.

"என்ன ஆனந்தா, என்ர வள்ளத்துக்கு ஆள் பிடிச்சுத் தர மாட்டியோ?"

"தேவையில்லை முதலாளி. உங்கட பேரே நல்ல பேர்தானே. அதில பதியுங்கோ."

வேறு வழியில்லாமல் அதில்தான் பதிந்தான். வெடியை விடவும் மனம் வரவில்லை. பழகிய கை. ஆனந்தராசா யாருக்கும் தகவல் கொடுக்கவில்லை. கொடுத்தான் என்று கரையில் கதைத்தவர்கள் உண்டு, அது பொய். அவன் செய்தது ஒன்றுதான். அந்த மனிதனுக்கும் அவனுடைய குற்றத்துக்கும் நடுவில் இன்னொருவன் பெயர் வராமல் பத்து வருடம் காவல் நின்றான். 2023ஆம் ஆண்டு மழை தொடங்கிய நேரம் வள்ளத்தை மறித்தார்கள். ஐஸ் பெட்டியைக் கிளறினார்கள். "வள்ளம் ஆற்ற பேரில?" என்று கேட்டார்கள்.

மறியல் வண்டி வந்து நின்றபோது ஆனந்தராசா கடை வாசலுக்கு வந்தான். முகத்தைத் துவாயால் மூடியபடி புவனேந்திரன் இறங்கினான். துவாய்க்குள் ஒரு கண் வெளியே பார்த்தது. ஆனந்தராசா பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான்.

முதலாளியின் பிள்ளைகள் கனடாவில். மனைவி கொழும்பில் மகள் வீட்டோடு. கோயிலில் முன் கதிரை கொடுத்தவர்கள் மறியல் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. சாரதி மட்டும் இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு கொண்டுவந்தான். குழம்பு கெட்டி, முள் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கடைக்கு வந்தான்.

"அண்ணை, ஒரு பொதி தாங்கோ. முதலாளிக்கு."

"இல்லை."

"அங்க அடுக்கி வைச்சிருக்கிறியளே?"

"உனக்கெண்டால் இருக்கு. இந்தா, இருந்து சாப்பிடு. அவருக்கு இல்லை."

சாரதி அதற்குப் பிறகு வரவில்லை. அசனாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பசிச்ச ஆளுக்குச் சோறு இல்லை எண்டு சொல்லப்படாது அண்ணே. எந்த ஹயவான், மிருகம் எண்டாலும் சரி."

"நான் எங்க இல்லையெண்டு சொன்னனான் அசனா? நானே கொண்டுபோய்க் குடுக்கப் போறன்."

அவனுக்கு மனதில் ஒரு நாள் இருந்தது. கந்தசஷ்டியின் கடைசி நாள், சூரன் போர். அன்றைக்கு அந்தக் காப்புக்காரனுக்கு முன்னால் மீன் கறியும் சோறும் வைக்க வேண்டும். உள்ளே மெலிந்து கிடக்கிறவன் அதைத் தின்னவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். கோயில் வீதியில் அக்காவுக்குச் சொன்ன அதே சொல்லை அவனுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்காக நேர்ந்து, அந்த வருடம் அக்காவோடு சேர்ந்து அவனும் முதல்முறையாகக் காப்புக் கட்டினான். உடைந்துபோன அந்த ஒரு விரதத்துக்காக அக்கா வருடம் தவறாமல் பிடித்துக்கொண்டு வந்தவள். தம்பியும் பிடிக்கிறான் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை.

தடை ஒன்றுதான். பார்க்கப் போகிறவர் வாசல் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது விரல் வைக்க வேண்டும். விரல் என்ற கதைக்கே இடமில்லை.

அதனால் அக்கா அவனுடைய பெயரை ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவன் சவர்க்காரத் தாளில் அதைப் பார்த்து எழுதினான். வலை பின்னுகிற விரல்கள் பேனையை ஊசி மாதிரிப் பிடித்தன. தாள் கிழிந்தது. முதல் எழுத்தை அசனா எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணே, கையெழுத்தா இறாலா?"

"சிரி, சிரி. இந்த இறால் அவற்ற தொண்டையில போய் நிக்கும் பார்."

விரதத்தின் பசியோடு நாள் முழுவதும் எழுதினான். ஐந்தாம் நாள் மட்டையைப் பார்க்காமல் எழுதினான். கடைசி நாள் காலையில் அசனா வீட்டிலிருந்து அறக்குளா மீன் குழம்பு வந்தது. முள்ளெடுத்து, சோற்றோடு பொதி கட்டினான். அக்காவும் புறப்பட்டு வந்தாள்.

வாசல் காவலருக்கு ஒரே வியப்பு. "ஆ, கடை அண்ண! நீங்களா உள்ளே?"

"ஓம். புவனேந்திரன் முதலாளியைப் பாக்க வந்தனான்."

மைப் பலகையைத் தள்ளினார் காவலர். ஆனந்தராசா அதை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திவிட்டுப் பேனையைக் கேட்டான். எழுதி முடியுமட்டும் வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுத்தார்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் புவனேந்திரன் வந்தான். வழக்கறிஞர் என்று நினைத்து வேகமாக வந்தவன், ஆளைக் கண்டதும் நின்றான். நரைத் தாடி. காது மடலில் மூட்டைப் பூச்சி கடித்த தடிப்பு. பிறகு பொதியைக் கண்டான். நடந்து வலையைப் பிடித்தான்.

"ஆனந்தனோ? நல்லது, நல்லது. பழசொண்டும் மனசில வைச்சிருக்கேல்லத்தானே?"

"சாப்பாடு கொண்டு வந்தனான் முதலாளி. அறக்குளா." ஆனந்தராசா நிறுத்தி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இண்டைக்குச் சூரன் போர். ஒரு வாய் திண்டால் முருகன் கோவிக்க மாட்டார். நீங்கள்தானே எங்கட அக்காவுக்குச் சொன்னனீங்கள்."

அந்த முகம் உடைய வேண்டும். பத்து வருடமாக அதற்குத்தான் காத்திருந்தான். முகம் உடையவில்லை. புவனேந்திரன் ஆவலோடு உதட்டை நக்கினான்.

"விரதமோ? இதுக்குள்ள வந்து ஆர் விரதம் பிடிக்கிறது? வெளியிலதான் ஆர் பிடிச்சது! ஊருக்குக் காப்பு, வீட்டில சுறாப் புட்டு. சும்மா நிக்காதை, குடு. புளி விட்டதோ?"

பின்னால் நின்ற அக்கா இதைக் கேட்டாள். அக்கா கையில் காப்போடு மென்ற அந்தப் பிடிக்கு ஈடாக அவன் உடைக்க வந்த விரதம், அந்த மனிதனிடம் ஒருநாளும் இருந்ததே இல்லை.

அதற்குள் மேசைக் காவலர் கூப்பிட்டார். "அண்ண, பொதியைப் பிரிங்க. ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க."

ஆனந்தராசா கையைப் பார்த்தான். கையில் காப்பு. ஊரில் உள்ள தாய்மாருக்கெல்லாம் மறக்காதேங்கோ என்று சொன்னவன், தன் முறை வந்தபோது அதை அடியோடு மறந்து போயிருந்தான். இத்தனை வருடமும் அந்தச் சட்டம் மற்றவர்களுடையதாக இருந்தது. இந்த ஆறு நாளும் அவன் மனம் முழுக்கப் பெயரில் இருந்தது. அக்காவுக்கும் அது தோன்றவில்லை.

புவனேந்திரனுக்குத்தான் முதலில் விளங்கியது. வலைக்குள் இருந்து சிரித்தான்.

"ஓகோ, நீயும் காப்போ! இப்ப என்னடா செய்யப் போறாய்? நிக்கிறா பார் உன்ர கொக்கா, அவவைத் தின்னச் சொல்லு. அவவுக்குப் பழக்கம்தானே."

ஆனந்தராசா பொதியைப் பிரித்தான். மீன் துண்டோடு சேர்த்து ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டான். அவசரமில்லாமல் மென்று விழுங்கினான்.

"சரி, போதும்," என்றார் காவலர்.

"இந்தத் துண்டை இன்னும் ருசி பாக்கேல்லையே ஐயா. ஒவ்வொண்டும் பாக்க வேணும் எண்டுதானே சட்டம்?"

அடுத்த பிடி. அதற்கடுத்தது. காவலர் முதலில் முழித்தார். பிறகு வாசலுக்கு எதிரே பத்து வருடம் கடை வைத்திருக்கிற மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டேய்!" என்றான் புவனேந்திரன். "டேய், காணும், குடு."

ஆனந்தராசா மீனைப் பிய்த்தான்.

"ஆனந்தன், மிச்சம் வை. பாதியெண்டாலும் வை."

குழம்பைச் சோற்றில் பிசைந்தான். கொட்டகையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கத்துவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"தம்பி," என்றான் புவனேந்திரன். அவனுடைய விரல்கள் வலைக் கண்ணுக்குள் வெளுத்துப் போயிருந்தன. "தம்பி, ஒரு வாய். உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு வாய்."

கடைசிப் பருக்கையைப் பெருவிரலால் ஒற்றி எடுத்து ஆனந்தராசா வாயில் வைத்தான். விரலைச் சூப்பினான். வெறும் தாளை வலைக்கு எதிரே விரித்துப் பிடித்தான்.

"நல்ல ருசி முதலாளி. நஞ்சில்லை."

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலடியில் நின்று அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காப்பை உருட்டினான்.

"அக்கா, விரதம் போச்சு. அதுவும் மீனோட."

அக்கா தன் சேலைத் தலைப்பால் அவனுடைய கடைவாயில் ஒட்டியிருந்த குழம்பைத் துடைத்தாள்.

"போகட்டும். வாற வருஷம் முதலில இருந்து பிடிப்பம். அது சரி, புளி காணுமாயிருந்ததோ?"

"காணும்."

அக்கா அப்போதும் நகரவில்லை. வாசல் காவலரிடம் போய், அந்தக் கொப்பியை இன்னொருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் திருப்பிக் காட்டினார். மேலே வரிசையாகக் கைநாட்டு, கீழே வரிசையாகக் கைநாட்டு, நடுவில் கோட்டை மீறிச் சரிந்துகொண்டு அவளுடைய தம்பியின் பெயர், ஓர் எழுத்தும் குறையாமல். அதற்கு நேரே காவலர் தேதி போட்டிருந்தார்: 2023 நவம்பர் 18.